இலியாஸுக்கும் சேர்த்து நீ சொன்ன பதில்

மகனே,

உன் மீதும் உன் வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். ஸலாம் சொல்லியாயிற்று, நலம் மட்டும் விசாரிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் உன்னையும் மருமகளையும் கண்குளிரப் பார்த்தேன். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். நன்றாக இல்லாதது நான்தான். மூன்று நாளாக எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் எதற்கு நடக்கிறோம் என்று எரிச்சல் வருகிறது. நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றுவிட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோய், உன் அம்மா போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இதை எழுத உட்கார்ந்ததற்கும் அவளிடம் பாட்டு வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். "பூந்தமல்லி என்ன கடல் தாண்டியா இருக்கு? ஆவடியில பஸ் ஏறினா போய் எறங்கிடலாம். போன்ல நாலு வார்த்தை பேசறதை விட்டுட்டு பேப்பரும் பேனாவுமா உக்காந்துட்டாரு" என்கிறாள். போனில் பேசினால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அத்தா, ஆபீஸ் கால்ல இருக்கேன், நானே கூப்பிடறேன்" என்பாய். கூப்பிடவும் செய்வாய், ஆனால் அதற்குள் எனக்கு வாய் அடைத்துப் போயிருக்கும். இந்த விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க எனக்குத் தைரியம் வராது. நாளைக் காலையில் உன் அம்மா உங்கள் வீட்டுக்கு வருகிறாள், அவள் பையில் இதைப் போட்டு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ சொன்னது உனக்கே மறந்திருக்கும். நெய்ச்சோற்றில் தால்ச்சாவை ஊற்றிக்கொண்டே, செய்தி வாசிப்பவர் மாதிரி சொன்னாய். "அத்தா, வர்ற வெள்ளிக்கிழமைலேருந்து ரிவ்யூ மீட்டிங் மதியம் ஒரு மணிக்கு. மேனேஜர் முன்கூட்டியே கேட்டாரு, உங்க ரெண்டு பேருக்கும் அந்த டைம் ஓகேவான்னு. நான்தான் சொல்லிட்டேன், ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல சார், நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்னு." இரண்டு பேர் என்றால் யார் யார் என்று கேட்டேன். நீயும், நாலு மாதத்துக்கு முன் உங்கள் டீமில் சேர்ந்த வாணியம்பாடிக்காரர் இலியாஸும் என்றாய். அவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "அவரு அன்னிக்கு லீவு அத்தா. மறுநாள் சொன்னேன், சரின்னுட்டாரு" என்றாய். உன் அம்மா உடனே வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை விட்டுவிட்டு அப்படி என்ன மீட்டிங் என்று பிடித்துக்கொண்டாள். நீயும் மருமகளும் அவளைச் சமாதானம் செய்வதில் இருந்தீர்கள். நான் ஏன் பாதித் தட்டில் கை கழுவினேன் என்று யாரும் கேட்கவில்லை. மகன் தொழுகையை விடுகிறானே என்ற வருத்தம்தான் என்று நினைத்திருப்பாய். அந்த வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் என் கையை நிறுத்தியது 'நாங்க' என்று நீ சொன்ன வார்த்தை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே வார்த்தையை, அதே மாதிரி ஒரு மேனேஜரிடம், அதே குரலில் நான் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு உபதேசம் செய்ய எனக்கு வாயில்லை. நேரத்தைப் பற்றி நீ கற்றுக்கொண்டதெல்லாம் என்னிடம்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். தகடுகளை அழுத்தி வாகன உதிரிப் பாகங்கள் செய்கிற கம்பெனி. ஸ்டாப்வாட்சும் கையுமாக மிஷின் மிஷினாகப் போய் நின்று, ஒரு ஆள் தகடை எடுத்து வைக்க எத்தனை வினாடி, பெடலை மிதிக்க எத்தனை வினாடி, பீஸை எடுத்துப் போட எத்தனை வினாடி என்று குறித்து, அதில் ஒன்றிரண்டை எப்படிக் குறைக்கலாம் என்று யோசிப்பதுதான் என் சூபர்வைசர் உத்தியோகத்தில் பாதி. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். நீ குளிக்கப் போனால்கூட வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்தவன் நான். நீ பிளஸ் டூ படித்தபோது ஒரு சார்ட் பேப்பரில் கலர் கலராக டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டினேனே, நினைவிருக்கிறதா? விடிகாலை நாலரையிலிருந்து ராத்திரி பத்தரை வரைக்கும் கட்டம் கட்டமாக இருந்தது. பிசிக்ஸ் இருந்தது, டியூஷன் இருந்தது, இருபது நிமிஷ நடைகூட இருந்தது. ஐந்து வேளைத் தொழுகையில் ஒரு வேளைகூட அதில் இல்லை. வேண்டுமென்று விட்டேன் என்று சொல்ல மாட்டேன், நினைப்பே வரவில்லை. அதுதான் எனக்கு இப்போது கேவலமாக இருக்கிறது. உன் அம்மா விடிகாலைத் தொழுகையை நினைவுபடுத்தி ஓரத்தில் பென்சிலால் 'சுபுஹு?' என்று எழுதி வைத்தாள். "பரீட்சை முடியட்டும்மா, அல்லா எங்க போயிடப் போறான்" என்று சொல்லி நான் ரப்பரை எடுத்து அழித்தேன். நீ அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாய்.

அந்தப் பரீட்சை முடிந்தது. அப்புறம் கவுன்சிலிங் முடியட்டும் என்றேன், அப்புறம் காலேஜ், அப்புறம் வேலை. இப்போது நீயே உனக்குச் சொல்லிக்கொள்கிறாய், இந்த ப்ராஜெக்ட் ரிலீஸ் முடியட்டும் என்று. உன்னைத் திட்ட வந்தால் என் விரல் என்னையே காட்டுகிறது, என்ன செய்ய?

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

நீ பிளஸ் டூ படித்த அதே வருடம். எங்கள் ஷாப்பில் முஸ்லிம் தொழிலாளிகள் நாலு பேர். வெள்ளிக்கிழமை மட்டும் பன்னிரண்டே முக்காலுக்கு கேட் பாஸ் வாங்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குப் போய்விட்டு, ஒன்றே முக்காலுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த பாஸில் கையெழுத்துப் போடுவது நான். நானும் அவர்களோடு போவேன். அந்த வருடம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்து, லைன் நிற்காமல் ஓட வேண்டிய கட்டாயம் வந்தது. மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கும்பகோணத்துக்காரர், நெற்றியில் விபூதி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே கிடையாது. அவர் கேட்டதை அட்சரம் பிசகாமல் எழுதுகிறேன். "பாய், வெள்ளிக்கிழமை உங்க ஆளுங்க போறது கண்டிப்பா போயே ஆகணுமா, இல்ல விட்டுக் கொடுக்கலாமா? எனக்கு உங்க வழக்கம் தெரியாது. போயே ஆகணும்னா சொல்லுங்க, நான் மேல பேசிக்கிறேன், வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

பார், அந்த மனிதர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. 'போயே ஆகணும் சார்' என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. தொழுகைக்கு அழைப்பு வந்தால் வியாபாரத்தையே விட்டுவிட்டு வரச் சொன்ன நாள் அது என்று சின்ன வயதில் மதரஸாவில் படித்தவன்தான் நான். ஆனால் அப்போது அசிஸ்டென்ட் மேனேஜர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியில் ஸ்டாஃப் பக்கம் நான் ஒருவன்தான் முஸ்லிம். 'இவரு மத்தவங்க மாதிரி இல்ல, அனுசரிச்சுப் போவாரு' என்று நாலு பேர் என்னைப் பற்றிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. "இல்ல சார், வேலை இருந்தா பரவாயில்ல. நாங்க மத்த நாள் மாதிரி மதியத் தொழுகை, லுஹர் தொழுதுக்குவோம், இடத்துலயே முடிச்சுக்கலாம். நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்" என்றேன். அவர் முகத்தில் ஓர் ஆச்சரியம் வந்தது. "ரொம்ப தேங்க்ஸ் பாய்" என்று எழுந்து கை கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

ஷாப்புக்கு வந்து நாலு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஆர்டர் முடியும் வரை வெள்ளிக்கிழமை வெளியே போக முடியாது, அல்லாஹ் நிலைமையை அறிந்தவன் என்று இமாம் மாதிரி இரண்டு வார்த்தையும் சேர்த்துக்கொண்டேன். காதர் என்று ஒருவர், கொரட்டூரில் பிறந்து வளர்ந்தவர், வாய் கொஞ்சம் நீளம். அவர் மட்டும் நகரவில்லை. "இன்னா பாய், மெய்யாலுமே அந்த ஐயரு போவக்கூடாதுன்னாரா?" என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ அந்த நேரத்தில் வாயில் பொய் வரவில்லை. "அவரு கேட்டாரு, நான்தான் பரவாயில்லன்னேன்" என்றேன். காதர் கையுறையைக் கழற்றி மிஷின் மேல் வைத்தார். "நீ போவாத, அது உன் இஸ்டம். என் ஜும்மாவ தூக்கிக் குடுக்க நீ யாரு பாய்? அது உன்னுதா?" என்றார். அதுவரை என்னை அவர் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. எனக்கு சுர்ரென்று ஏறிவிட்டது. மரியாதையாகப் பேசு, இஷ்டமிருந்தால் வேலை செய், இல்லையென்றால் கேட் அந்தப் பக்கம் என்றேன். அவர் கேட் பக்கம் போனார். பத்து வருட சர்வீஸ் உள்ள ஆள், திரும்பியே பார்க்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த 'கேட் அந்தப் பக்கம்' வரியை நான் எழுதிக்கொண்டிருந்தபோதே தெருமுனைப் பள்ளியில் சாயங்காலத் தொழுகை அஸருக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். பாராவை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் உன் அம்மா தொழுது முடித்து முசல்லாவை மடித்துக்கொண்டிருக்கிறாள். "ஜமாஅத் முடிஞ்சிருக்கும். தொழுகையைப் பத்தி எழுதறதுக்காகத் தொழுகையை விட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இவ்வளவு நடந்தும், இவ்வளவு எழுதியும், இந்த வயதிலும் என் புத்தி இப்படித்தான் ஓடுகிறது. கையிலிருப்பதை முடித்துவிட்டு, கையிலிருப்பதை முடித்துவிட்டு என்றுதான். தனியாகத் தொழுதுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். தொழுகையிலும் உன் ஞாபகம்தான் ஓடியது, எத்தனை ரக்அத் முடித்தேன் என்று சந்தேகம் வந்துவிட்டது.

காதர் போனார். மற்ற மூன்று பேர் இருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர்தான் யூசுப். பாடியில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், என்னைவிட மூன்று நாலு வயது பெரியவர், இருந்தும் 'பாய், பாய்' என்று அவ்வளவு மரியாதை. காதர் போன அன்று அவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "அது ஒண்ணும் தப்பு இல்லியே பாய்? நீங்க ஓதுனவங்க, உங்களுக்குத் தெரியும்" என்றார். "தப்பு இல்ல, நான் பொறுப்பு" என்றேன். "நீங்க சொன்னா கரீட்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார். 'நான் பொறுப்பு' என்று எத்தனை சுலபமாகச் சொன்னேன் பார். ஒரு மனிதனின் தொழுகைக்கு இன்னொரு மனிதன் பொறுப்பேற்க முடியுமா என்று அந்த நிமிஷம் நான் யோசிக்கவே இல்லை.

ஆர்டர் மூன்று மாதத்தில் முடிந்தது. அடுத்த ஆர்டர் வந்தது. யாரும் வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது. நானும் ஜும்ஆவுக்குப் போவது நின்று, சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு லுஹர் தொழுவது, பிறகு அதுவும் நேரம் தவறிக் களா ஆவது என்று பழகிப்போனது. யூசுப் மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் யூனிஃபார்முக்கு உள்ளே வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கொஞ்சம் அத்தர் தடவிக்கொண்டு வேலைக்கு வருவார். பக்கத்தில் போனால் எண்ணெய் நாற்றத்தையும் மீறி அந்த வாசனை வரும். நான் நேரம் குறிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். வெள்ளிக்கிழமை மதியம் அவர் மிஷினில் மட்டும் வினாடி கூடுகிறது. என்ன என்று கேட்டேன். "இல்ல பாய், இங்க பாங்கு லைட்டா கேக்குது. கேட்டா கால் தன்னால நின்னுடுது, மிதிக்க வர மாட்டேங்குது" என்றார், தப்புச் செய்தவர் மாதிரி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சத்தத்துக்காகக் கம்பெனியில் கொடுக்கிற காதடைப்பானை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் போட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வினாடி சரியாக வந்தது. அதைக் குறித்துக்கொண்டு திருப்தியோடு அடுத்த மிஷினுக்குப் போனேன்.

இதை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எழுதிவிட்டு ஜன்னல்வரை போய்விட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பிப் போன பிறகு, பழையதெல்லாம் கிளம்பி வந்து என்னை வதைத்தது. திங்கட்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி நசரத்பேட்டைக்குப் போனேன். காதர் அங்கே ஹைவே ஓரத்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். பூந்தமல்லியைத் தாண்டித்தான் போனேன், உன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடை சின்னது. வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கியது. 'வெள்ளி 12 முதல் 2 வரை வியாபாரம் இல்லை' என்று எழுதியிருந்தது. பிரியாணிக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குக் கடையை மூடுகிறார் என்றால் எப்படிப்பட்ட ஆள் என்று பார்த்துக்கொள். ஆனால் அந்தக் கடையில் கூட்டம் இருந்ததை வைத்து, தொழுதால் தொழில் பெருகும் என்று உனக்கு நான் எழுதப்போவதாக நினைக்காதே. பெருகுமா என்று எனக்குத் தெரியாது. வேலையை விட்ட பிறகு அவர் வீட்டில் எத்தனை மாதம் அடுப்பெரிய வழியில்லாமல் இருந்தது என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. "இன்னா பாய், இத்தினி வருசம் கயிச்சு? குந்து, குந்து. சாப்டுறியா?" என்றார். நான் குந்தவில்லை. நின்றபடியே, அன்றைக்கு நான் செய்தது பெரிய தப்பு, மன்னித்து ஹலால் பண்ணிவிடுங்கள் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காதர் சிரித்தார். "அட இன்னா பாய் நீ. என்னுத நான் எப்பவோ மன்னிச்சு வுட்டுட்டேன். நான்தான் அன்னிக்கே உன்ன மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வந்துட்டேனே. என் ஜும்மா எங்கயும் போவல, என்னாண்டதான் கீது" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "யூசுப்பு கேக்கவே இல்லியே பாய். உன் பேச்ச நம்பிக்கினு அங்கயே நின்னுட்டான். அவனாண்ட எப்டி மாப்பு கேப்ப?" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டவர் மாதிரிதான் கேட்டார். அவர் வைத்த தட்டை நான் தொடவில்லை, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

யூசுப் மவுத்தாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குத் தெரியாது. ஒரு வியாழக்கிழமை மாலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் ஜனாஸா தொழுகை வைத்து அடக்கம் செய்வது என்று முடிவு செய்து, கம்பெனிக்குக் காலையிலேயே போன் பண்ணிச் சொன்னார்கள். அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருந்தார்கள். மேனேஜர் ஊரில் இல்லை, ஷாப் முழுக்க என் பொறுப்பு. யூசுப்போடு பக்கத்துப் பக்கத்து மிஷினில் வருடக்கணக்காக நின்ற இரண்டு பேரும் பன்னிரண்டரைக்கு என்னிடம் வந்து நின்றார்கள். "பாய், யூசுப் பாயோட ஜனாஸா. ஒரு மணி நேரம் குடுங்க பாய், இங்க பாடியிலதானே வீடு, ஓடிட்டு வந்துடறோம்" என்றார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நான் பார்த்தது கடிகாரத்தைத்தான். "இன்ஸ்பெக்ஷன் முடியட்டும், மூணு பேரும் சேர்ந்தே போகலாம். எப்படியும் எடுக்க மூணு மணி ஆயிடும்" என்றேன்.

மூன்று மணி ஆகவில்லை. நாங்கள் பைக்கில் பாடி மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கபரில் மண் தள்ளி, தண்ணீர் தெளித்து, தலைமாட்டில் ஒரு கிளையை நட்டுவிட்டார்கள். காதர் ஓரத்தில் நின்று கையிலிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மறுபடி கையைக் கழுவக் குனிந்துகொண்டார். கூட வந்த இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் கபரின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். அந்த ஜும்ஆவில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வரிசையாக நின்று அவருக்காகத் தொழுதிருக்கிறார்கள், முன்னே பின்னே தெரியாதவர்கள்கூட. அவரோடு தினமும் சோற்றைப் பங்குபோட்டுத் தின்ற மூன்று பேர் மட்டும் அதில் இல்லை. அந்த மூன்று பேரையும் நிறுத்திவைத்தது நான்.

அடுத்த வாரம் மேனேஜர் திரும்பி வந்ததும் அவர் அறைக்குப் போய், இனி வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஜும்ஆவுக்குப் போக வேண்டும் என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய்த்தான் சொன்னேன். அவர் ஃபைலிலிருந்து தலையைக்கூட முழுசாக நிமிர்த்தவில்லை. "போயிட்டு வாங்க பாய். நீங்கதானே வேணாம்னீங்க, நான் எப்ப வேணாம்னேன்?" என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிஷத்துக்காக யூசுப் மூன்று வருடம் காத்திருந்தார், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியாமல்.

உன் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நிமிஷத்தில் சரி என்பாரா, முகத்தைச் சுளிப்பாரா, உன் அப்ரைசலில் கை வைப்பாரா, எதுவும் தெரியாது. கை வைத்தாலும் வைக்கலாம். அந்த நஷ்டத்தைத் தாங்க உனக்குத் தெம்பு இருக்கிறதா என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ தொழுவதும் தொழாமல் போவதும் உனக்கும் உன்னைப் படைத்தவனுக்கும் நடுவில் உள்ளது. அதற்காக நான் கையேந்திக் கேட்டுக்கொண்டே இருப்பேன், உன் அம்மா அழுதுகொண்டே இருப்பாள், அதற்கு மேல் எங்களால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் இலியாஸ் உன்னைவிட மூத்தவர், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், வேலை இன்னும் நிரந்தரம் ஆகாதவர். நீ சரி என்று சொல்லிவிட்டு வந்த ஒன்றை அவர் எப்படி மறுப்பார்? 'சரின்னுட்டாரு' என்றாயே, அவர் எந்த முகத்தோடு சரி என்றார் என்று பார்த்தாயா? அவர் சார்பாக இல்லை என்று சொல்ல உனக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஆம் என்று சொன்னாயே, அந்த அதிகாரம் மட்டும் எங்கிருந்து வந்தது?

இன்றைக்குப் புதன்கிழமை. நாளைக்கு இது உன் கைக்கு வந்துவிடும். நேராக அவரிடம் போ. மெசேஜ் அனுப்பாதே, போனில் சொல்லாதே, எழுந்து நடந்து போ. உங்களைக் கேட்காமல் உங்களுக்காக நான் பேசிவிட்டேன் என்று சொல். பிறகு மேனேஜரிடம் போய், அது என் பதில்தான், இவருடைய பதில் இல்லை என்று சொல். இவ்வளவு சின்ன வேலைதான். நானும் செய்ய ஆசைப்படுகிறேன், தம்பி. யூசுப்பின் கபருக்கு முன்னால் போய் நின்று எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுப் பார்த்துவிட்டேன், பதில் வருவதில்லை. உன் இலியாஸ் உனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். நீ கேட்டால் வாய் திறந்து பதில் சொல்வார்.

உன் அத்தா